தருகிறவர்களின் கணக்கையும் பாருங்கள்: சிறிய யூத அறக்கட்டளை ஒன்றின் பல வருடக் கணக்கை வாசிக்கும் முறை

வன்னியில் ஒரு மாதர் சங்கமோ முன்பள்ளியோ வெளிநாட்டு உதவிக்கு விண்ணப்பித்தால் அவர்கள் எங்களிடம் கேட்காத கடதாசி இல்லை. பதிவுச் சான்றிதழ், வங்கிக் கூற்று, கடந்த வருடங்களின் கணக்கறிக்கை, பொதுக்கூட்டக் குறிப்பு என்று எல்லாம் கேட்பார்கள், நாங்களும் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் ஓடி ஓடி எடுத்துக் கொடுப்போம். திருப்பி அவர்களுடைய கணக்கை நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்கலாம் என்பதே பல சங்கங்களுக்குத் தெரியாது.

பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009க்குப் பிறகு பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் சந்திக்குச் சந்தி நிறுவனங்களின் பலகைகள் நின்றன. நல்ல வேலை செய்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் காசு எப்போது நிற்கும் என்பது அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும், எங்களுக்குக் கடைசி மாதத்தில்தான் தெரியவரும். கட்டடம் அப்படியே நிற்கும், முன்பள்ளி ஆசிரியையின் கொடுப்பனவு நின்றுவிடும், பிள்ளைகளின் காலைச் சாப்பாடு நின்றுவிடும். அந்தப் பிள்ளையும் ஆசிரியையும் நடுவழியில் விடப்படக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சில சங்கங்களுக்குக் கணக்கு எழுத உதவுகிறவன். இங்கே உதாரணமாக எடுப்பது அமெரிக்காவில் பதிவான ஒரு சிறிய யூத அறக்கட்டளை, அதாவது வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் டொலர் அளவில் வரவு உள்ள, ஒருவரோ இருவரோ சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒன்று. இப்படியானவர்களின் கணக்கில் சில தனிப் பழக்கங்கள் உண்டு, அவை தெரியாமல் வாசித்தால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். மற்ற அறக்கட்டளைகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது பொருளாளர் அக்கா கேட்டார்: "தாறவையிட்டயே கணக்குக் கேக்கிறது மரியாதையோ தம்பி?"

மரியாதைதான். அமெரிக்கச் சட்டப்படி அது பொது ஆவணம். அதைவிட, யூத மரபிலேயே தர்மப் பணத்துக்குக் கணக்குக் கட்டுப்பாடு மிகப் பழையது. தர்மப் பணத்தை இரண்டு பேராகத்தான் சேர்க்க வேண்டும், மூன்று பேராகத்தான் பங்கிட வேண்டும் என்று யூதரின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. சேர்த்தவர் கையில் சில்லறை மிஞ்சினால் அதை வேறு ஆட்களிடம் கொடுத்து மாற்றலாம், தன் சொந்தக் காசோடு மாற்றக்கூடாது, ஏனென்றால் பார்க்கிறவர்கள் சந்தேகப்படக் கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் சங்கக் காசோலையில் இரண்டு கையெழுத்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தானே. ஆகவே பணிவாகக் கேட்டால் முறையாக நடக்கிற எந்த அறக்கட்டளையும் முகம் சுளிக்காது. சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான், குறித்து வையுங்கள்.

முதலில் சரியான பெயரும் இலக்கமும்

கடிதத் தலைப்பில் இருக்கிற பெயரை நம்பித் தேடாதீர்கள். புழங்குகிற பெயர் ஒன்று, பதிவான பெயர் வேறாக இருப்பது சாதாரணம். மின்னஞ்சலில் நேரே கேளுங்கள்: உங்கள் பதிவுப் பெயர் என்ன, ஈ.ஐ.என் இலக்கம் என்ன என்று. அது ஒன்பது இலக்கங்கள் கொண்ட வரி அடையாள எண். அது கையில் இருந்தால் ஐ.ஆர்.எஸ் என்கிற அமெரிக்க வரித் திணைக்களத்தின் தளத்தில் வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்களைத் தேடும் பக்கத்தில் பார்க்கலாம். புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனமும் அறக்கட்டளைகள் வருடாவருடம் ஐ.ஆர்.எஸ்ஸுக்குக் கொடுக்கிற கணக்குப் படிவங்களை வருட வரிசையில் அடுக்கி இலவசமாக வைத்திருக்கிறது, போனில் பார்க்க எனக்கு அதுதான் சுலபமாக இருக்கிறது.

தேடியும் ஒன்றும் வரவில்லை என்றால் உடனே கள்ளர் என்று முடிவு கட்ட வேண்டாம். தேவாலயங்களைப் போலவே யூதத் தொழுகைக்கூடங்களும் இந்த வருடாந்தப் படிவம் போடத் தேவையில்லை. ஒரு தொழுகைக்கூடத்தின் தர்மக் குழுதான் உங்களுக்கு உதவுகிறது என்றால் பொது ஆவணம் இருக்காது, அவர்களுடைய உறுப்பினருக்குக் கொடுக்கிற வருட அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, தனிப் பதிவு இல்லாமல் ஒரு பெரிய அறக்கட்டளையின் குடையின் கீழ் இயங்குகிற சிறு குழுக்களும் உண்டு, அப்போது கிடைப்பது குடை பிடிக்கிறவரின் கணக்கு மட்டும்தான்.

தொடர்ந்து மூன்று வருடம் படிவம் போடாவிட்டால் வரிவிலக்குத் தானாகவே பறிபோய்விடும். அந்தப் பட்டியலும் அதே ஐ.ஆர்.எஸ் தளத்தில் இருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லண்டனில் பதிவானது என்றால் இங்கிலாந்து, வேல்ஸுக்கான அறக்கட்டளை ஆணைக்குழுவின் பதிவேட்டில் ஐந்து வருட வரவு செலவு ஒரே பக்கத்தில் தெரியும். நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் அவர்கள் அறிக்கை கொடுக்க வேண்டும், பிந்தினால் பிந்தியது என்றும் அங்கே காட்டும். கனடாவில் ரி3010 என்ற படிவம், ஆறு மாதத்துக்குள். இரண்டும் அமெரிக்கப் படிவத்தை விட வாசிக்கச் சுலபம், அதனால் அவற்றை இத்தோடு விடுகிறேன்.

எந்தப் படிவம் என்பதிலேயே பாதிக் கதை

அமெரிக்கப் படிவத்தின் பெயர் 990. அதில் நான்கு வகை இருக்கிறது. வருட வரவு வழமையாக 50,000 டொலருக்குள் இருக்கிறவர்கள் 990-என் என்ற சிறு அறிவித்தல் மட்டும் போடலாம், அதில் வரவு செலவு எதுவும் இருக்காது. வரவு 2,00,000 டொலருக்குக் குறைவாகவும் மொத்தச் சொத்து 5,00,000 டொலருக்குக் குறைவாகவும் இருந்தால் 990-ஈசெட் என்ற குறும்படிவம் போதும். அதற்கு மேல் போனால் முழு 990. ஒரு குடும்பமோ ஒரு செல்வந்தரோ தன் பணத்தை வைத்து நடத்துகிற தனியார் அறக்கட்டளை என்றால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 990-பிஎஃப்.

இதில் கடைசி வகையைக் கவனியுங்கள். அவர்கள் பொதுமக்களிடம் சேர்ப்பதில்லை, முதலீட்டு வருமானத்தில் கொடுக்கிறார்கள், பொதுவாகச் சொத்தின் பெறுமதியில் 5 வீதமளவு ஒவ்வொரு வருடமும் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே வருமானம் ஓரளவு சீராக இருக்கும், ஆனால் பங்குச்சந்தை விழுந்தால் அடுத்த வருடம் உங்களுக்கும் குறையும். வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கொடுக்கும்போது கூடுதல் சட்டப் பொறுப்பும் அவர்கள் தலையில் இருக்கிறது, அதனால்தான் அவர்கள் சிட்டைக்கு மேல் சிட்டை கேட்கிறார்கள். அதை அவநம்பிக்கையாக எடுக்க வேண்டாம்.

சி.ஆர். கொப்பியில் ஒரு அட்டவணை

இதுதான் முக்கியமான வேலை. எக்செல் தெரிந்தால் அதில் செய்யுங்கள், இல்லாவிட்டால் சி.ஆர். கொப்பியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் வருடம், மேலே மொத்த வரவு, மொத்தச் செலவு, வருட மிச்சம் அல்லது பற்றாக்குறை, வருட முடிவில் நிகர சொத்து (கடன்களைக் கழித்த பிறகு மிஞ்சுகிற சொத்து), சம்பளம், வெளிநாட்டுக்குக் கொடுத்தது, கடைசியில் குறிப்பு எழுத ஒரு அகலமான நிரல். குறைந்தது ஐந்து வருடம், முடிந்தால் ஏழு எட்டு.

ஆங்கிலம் முழுவதும் விளங்க வேண்டியதில்லை, வரி இலக்கம் தெரிந்தால் போதும். முழு 990இன் முதல் பக்கத்தில் 12ஆம் வரி மொத்த வரவு, 18ஆம் வரி மொத்தச் செலவு, 19 இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 22 நிகர சொத்து. அதே பக்கத்தில் முந்திய வருட எண்ணும் பக்கத்து நிரலில் இருக்கும், ஆகவே ஒரு படிவத்தில் இரண்டு வருடம் கிடைக்கும். குறும்படிவத்தில் 9ஆம் வரி வரவு, 17 செலவு, 18 வித்தியாசம், 21 வருட முடிவு நிகர சொத்து.

வரவும் நிகர சொத்தும் வெவ்வேறு என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரணைமடுவுக்கு இந்த மாரியில் வந்த தண்ணீர் வேறு, குளத்தில் இப்போது நிற்கிற தண்ணீர் வேறு, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தானே முடிவெடுப்போம்.

இப்போது ஒரு உதாரணம். எண்கள் நானே போட்டவை, ஆனால் இந்த வடிவத்தை நிஜக் கணக்குகளில் அடிக்கடி காணலாம்.

2017இல் வரவு 1,40,000 டொலர், செலவு 1,28,000, வருட முடிவில் நிகர சொத்து 60,000.
2018இல் வரவு 1,46,000, செலவு 1,39,000, நிகர சொத்து 67,000.
2019இல் வரவு 4,10,000, செலவு 1,65,000, நிகர சொத்து 3,12,000.
2020இல் வரவு 1,20,000, செலவு 1,82,000, நிகர சொத்து 2,50,000.
2021இல் வரவு 1,68,000, செலவு 1,90,000, நிகர சொத்து 2,28,000.
2022இல் வரவு 1,31,000, செலவு 1,84,000, நிகர சொத்து 1,75,000.
2023இல் வரவு 1,26,000, செலவு 1,71,000, நிகர சொத்து 1,30,000.

2019ஐ மட்டும் பார்த்தவர் இவர்கள் வசதியானவர்கள் என்பார். 2023ஐ மட்டும் பார்த்தவர் நிர்வாகம் சரியில்லை, 45,000 டொலர் நட்டம் என்பார். இரண்டும் பிழை. 2019இல் நடந்தது என்னவென்றால், ஒரு வயதான ஆதரவாளர் இறந்து உயிலில் 2,60,000 டொலர் எழுதி வைத்திருக்கிறார். அதைக் கழித்தால் அந்த வருட வழமையான வரவு 1,50,000தான். 2021இலும் 22,000 டொலர் உண்மையான கொடை இல்லை. கொரோனாக் காலத்தில் அமெரிக்க அரசு ஊழியர் சம்பளத்துக்காகச் சிறு நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்துப் பிறகு தள்ளுபடி செய்தது, தள்ளுபடி ஆன வருடத்தில் அது வரவாக ஏறிவிடும். 2020, 2021, 2022 கணக்குகளில் இது பல இடங்களில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஒரே தடவை வந்தவற்றைக் கழித்துவிட்டுப் புது நிரலில் எழுதுங்கள்: 1,40,000, 1,46,000, 1,50,000, 1,20,000, 1,46,000, 1,31,000, 1,26,000. ஏழு வருடமாக வழமையான வரவு அசையவில்லை, கடைசியில் கொஞ்சம் இறங்குகிறது. செலவோ உயில் காசு வந்த பிறகு ஏறி ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. கடைசி இரண்டு வருடத்திலும் வருடத்துக்கு 45,000 முதல் 53,000 வரை சேமிப்பிலிருந்து போயிருக்கிறது, மிச்சம் 1,30,000. மூன்று வருடம் தாங்காது. உங்கள் சங்கத்துக்கு அவர்கள் உதவத் தொடங்கியது 2019க்குப் பிறகு என்றால், நீங்கள் சாப்பிடுவது அந்த உயில் காசைத்தான்.

இது குற்றம் இல்லை. உயில் எழுதியவர் இதைப் பூட்டி வைக்காமல் தேவைப்பட்டவர்களுக்குச் செலவழியுங்கள் என்றே சொல்லியிருக்கலாம், நிர்வாகமும் ஆறு ஏழு வருடத்தில் முடிப்பது என்று தீர்மானித்திருக்கலாம். நான் அதை மதிக்கிறேன். ஆனால் அது தீர்மானமா, தன்பாட்டில் நடக்கிறதா என்பதை நீங்கள் கேட்டு அறிய வேண்டும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அந்த 1,30,000இல் ஒரு பகுதி கொடையாளர் நிபந்தனை போட்ட காசாக இருக்கலாம், உதாரணத்துக்கு 80,000 டொலர் உள்ளூர் முதியோர் உணவுக்கு மட்டும் என்று. அப்படியானால் உங்களுக்குத் திறந்திருப்பது 50,000, அவர்களுடைய மொத்தச் செலவில் மூன்றரை மாதத்துக்குரியது. முழு 990இன் ஐந்தொகைப் பகுதியில் நிபந்தனை உள்ளது, இல்லாதது என்று பிரித்திருக்கும். குறும்படிவத்தில் பிரிவு இல்லை, கேட்க வேண்டும். 2019இல் வரவு 2,00,000ஐத் தாண்டியதால் அந்த ஒரு வருடம் மட்டும் முழுப் படிவம் கிடைக்கும். அதை வரி வரியாக வாசியுங்கள், மற்ற வருடங்களில் தெரியாத விபரம் அதில் இருக்கும்.

பண்டிகை நாட்காட்டியை வைத்து வாசிப்பது

யூத அறக்கட்டளைகளுக்கு வருடத்தில் சில காலங்களில்தான் காசு குவியும். செப்டெம்பர், ஒக்டோபரில் வருகிற ரோஷ் ஹஷானா என்கிற புத்தாண்டும் யோம் கிப்பூர் என்கிற நோன்பு நாளும் பெரிய வேண்டுகோள் காலம். மார்ச் அளவில் பூரிம், அன்று ஏழைகளுக்குக் கொடுப்பது கடமை. அதையடுத்து வருகிற பஸ்கா பண்டிகைக்கு ஏழைக் குடும்பங்களுக்கு உணவுக் காசு சேர்ப்பார்கள். பிறகு டிசெம்பர் கடைசியில் அமெரிக்கர் எல்லாரும் வரிச்சலுகைக்காகக் கொடுக்கிற கிழமை. 18 அவர்களுக்கு மங்களமான எண், அதனால் 18, 36, 180 டொலர் என்று கொடைகள் வந்து விழும். உங்கள் பெயருக்கு 1,800 டொலர் வந்தால் அது ஏன் இரண்டாயிரமாக இல்லை என்று தலையைப் பிய்க்க வேண்டாம்.

அவர்களுடைய மாதங்கள் சந்திரனை வைத்து நடப்பவை, சூரிய வருடத்தோடு ஒத்துப்போக 19 வருடத்தில் ஏழு தடவை ஒரு மாதம் கூடும். எங்களுக்குத் தீபாவளி ஒக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில் நகர்வது மாதிரி அவர்களின் புத்தாண்டும் நகரும். இதனால் கணக்கில் ஒரு வேடிக்கை நடக்கும். நிதியாண்டு செப்டெம்பர் 30இல் முடிகிற ஒரு அறக்கட்டளையை எடுங்கள். 2023இல் ரோஷ் ஹஷானா செப்டெம்பர் நடுவில் வந்தது, 2024இல் ஒக்டோபர் 2ஆம் திகதி மாலை தொடங்கியது, 2025இல் செப்டெம்பர் 22ஆம் திகதி மாலை. அப்படியென்றால் 2023 ஒக்டோபர் தொடக்கம் 2024 செப்டெம்பர் வரைக்குமான நிதியாண்டில் ஒரு ரோஷ் ஹஷானா கூட இல்லை, அடுத்த நிதியாண்டில் இரண்டு. ஒரு வருடம் வரவு விழுந்து அடுத்த வருடம் ஏறியது போலத் தெரியும், உண்மையில் ஒன்றும் மாறியிருக்காது. படிவத்தின் முதல் பக்கத்தில் நிதியாண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இருக்கும், குறிப்பு நிரலில் அதை முதலில் எழுதுங்கள். இரண்டு வருடத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

2023, 2024 கணக்குகளை வாசிக்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2023 ஒக்டோபருக்குப் பிறகு அமெரிக்க யூத சமூகத்தின் பெருந்தொகைக் கொடைகள் இஸ்ரேலுக்கான அவசர நிதிகளுக்குப் போயின. வேறு வேலை செய்கிற ஒரு சிறிய அறக்கட்டளையின் வரவு அந்த வருடங்களில் குறைந்திருந்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஊகிக்காமல் கேளுங்கள்.

இதே நாட்காட்டியை வைத்துத்தான் உங்கள் மின்னஞ்சலையும் திட்டமிட வேண்டும். வெள்ளி மாலை தொடக்கம் சனி இரவு வரை பலர் பதில் எழுத மாட்டார்கள். செப்டெம்பர், ஒக்டோபரில் பண்டிகைகள் மூன்று கிழமைக்கு மேல் தொடர்ந்து வரும். காலபோக விதைப்புக்கு உதவி வேண்டுமென்றால் மே, ஜூனிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

வட்டியில்லாக் கடன் சங்கம் என்றால் கணக்கு வேறு

யூத சமூகங்களில் கெமாக் என்று சொல்கிற வட்டியில்லாக் கடன் நிதிகள் நிறைய. நியூயோர்க்கில் 1892இல் தொடங்கிய எபிரேய இலவசக் கடன் சங்கம் இன்றும் நடக்கிறது. மைமோனிடிஸ் என்ற 12ஆம் நூற்றாண்டு அறிஞர் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தபோது, ஒருவருக்குக் கடனோ தொழிலோ கூட்டோ கொடுத்து அவர் மற்றவரிடம் கையேந்தாதபடி செய்வதைத்தான் உச்சப் படியில் வைத்தார். நுண்கடன் வட்டியில் அடிபட்ட எங்கள் பெண்களுக்கு இப்படி ஒரு நிதி கிடைத்தால் அது பெரிய காரியம்.

இவர்களின் கணக்கில் செலவு மிகச் சிறிதாகவும் சொத்து மிகப் பெரிதாகவும் தெரியும். காசை அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்த கடன் செலவு அல்ல, திரும்பி வர வேண்டிய சொத்து, ஆகவே அது ஐந்தொகையில்தான் நிற்கும். இங்கே பார்க்க வேண்டியது கடன் நிலுவை வருடா வருடம் கூடுகிறதா, கையிருப்புக் காசு எவ்வளவு, திரும்பாது என்று தள்ளுபடி செய்தது எவ்வளவு என்பவைதான்.

ஆட்களும் மணித்தியாலங்களும்

படிவத்தில் நிர்வாகிகளின் பெயர், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை, சம்பளம் எவ்வளவு என்று ஒரு பகுதி இருக்கும். சிறிய அறக்கட்டளையில் நான் முதலில் போய்ப் பார்க்கிற இடம் இதுதான். பத்து வருடமாக அதே ஒருவர் சம்பளமில்லாமல் கிழமைக்கு 40 மணித்தியாலம் என்று இருக்கும், பிறகு 25, பிறகு 10 என்று இறங்கும், புதுப் பெயர் ஒன்றும் வராது. அந்த மனிதர் களைத்துவிட்டார். வரவு நன்றாக இருந்தாலும் அங்கே தொடர்ச்சி இல்லை. தொண்டாக உழைத்த நேரத்தை இந்தப் படிவத்தில் வரவாகக் காட்ட முடியாது, அதனால் அவர் விலகினால் எவ்வளவு இழப்பு என்பது எண்களில் தெரியவே தெரியாது.

நிர்வாகச் செலவு வீதம் கூட என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒன்றரை இலட்சம் டொலர் வரவு உள்ள இடத்தில் ஒருவருக்கு 50,000 டொலர் சம்பளம் என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்தான். ஆனால் அமெரிக்காவில் அது ஒரு குடும்பம் இருந்து சாப்பிடப் போதுமான அளவு, அவ்வளவுதான். கேட்க வேண்டியது அந்த வீதம் வருடா வருடம் ஏறுகிறதா என்பதை. நிர்வாகியின் உறவினருக்கு வாடகையோ ஒப்பந்தமோ கொடுத்திருந்தால் அது இணைப்பு எல் என்ற பகுதியில் வரலாம், அதையும் திறந்து பாருங்கள். அந்தச் சில்லறை மாற்றும் விதி இங்கேதான் பொருந்துகிறது.

முதலீட்டையும் ஒரு கண் பார்க்க வேண்டும். 2008 டிசெம்பரில், மற்றவர்களின் காசை முதலீடு செய்து தருவதாக வாங்கிய பெர்னார்ட் மேடோஃபின் மோசடி வெளியானபோது யூத அறக்கட்டளைகள் பல அடிபட்டன, ஏனென்றால் அவர் அந்தச் சமூகத்துக்குள்ளேயே நம்பிக்கை பெற்றவர். எலி வீசல் மனிதநேய அறக்கட்டளை ஏறத்தாழ 15 மில்லியன் டொலரை, கிட்டத்தட்ட தன் முழுச் சொத்தையும் இழந்தது. மசாசூசெட்ஸில் இருந்த ராபர்ட் லாப்பின் அறக்கட்டளை சில நாள்களுக்குள் மூடுவதாக அறிவித்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஒரே கையில் எல்லாவற்றையும் கொடுத்திருந்தார்கள். முதலீடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பது நீங்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி.

ரூபாவில் பார்த்து ஏமாற வேண்டாம்

அட்டவணையை டொலரிலேயே வையுங்கள். வருடத்துக்கு 6,000 டொலர் வந்த ஒரு சங்கத்துக்கு 2022 தொடக்கத்தில் அது 12 இலட்சம் ரூபா. அதே வருட நடுவில் டொலர் 360 ரூபாவுக்குப் போனபோது 21 இலட்சத்துக்கு மேல். பிறகு 300 அளவுக்கு இறங்கியதும் 18 இலட்சம். கொடுத்தவர் ஒரு சதமும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. ரூபாவில் கூடியதைப் பார்த்து நிரந்தரமாகக் கொடுப்பனவை ஏற்றினால் பிறகு குறைக்க முடியாது. கூடுதலாக வந்ததைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, ஆசிரியையின் ஆறு மாதக் கொடுப்பனவு அளவுக்குச் சேரும் வரைக்கும் தொடாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அட்டவணை முடிந்த பிறகு ஒரு மின்னஞ்சல். நீளமாக வேண்டாம். உங்கள் கணக்கை வாசித்தோம், நன்றி, எங்கள் பிள்ளைகளுக்காகத் திட்டமிட இவற்றை அறிய விரும்புகிறோம் என்று தொடங்கி நான்கு கேள்வி போதும்: எங்களுக்கு வருகிற காசு பொது நிதியிலிருந்தா, ஒரு குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்தா? அந்த 2019 போன்ற பெரிய தொகையை எந்த வருடம் வரைக்கும் செலவழிக்கத் தீர்மானித்திருக்கிறீர்கள்? நிறுத்த வேண்டி வந்தால் எத்தனை மாதம் முன்பு சொல்வீர்கள்? ஒரேயடியாக நிறுத்தாமல் முதல் வருடம் முழுமை, அடுத்தது மூன்றில் இரண்டு, அதற்கடுத்தது மூன்றில் ஒன்று என்று இறக்க முடியுமா? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அறக்கட்டளையின் பக்கத்திலிருந்து அதற்குச் சம்மதிப்பது சுலபம், கிராமத்தின் பக்கத்திலிருந்து அது ஒரு முன்பள்ளி தப்புவதும் மூடுவதுமான வித்தியாசம்.

பதிலை வைத்துச் செயற்குழு முடிவெடுக்கட்டும். என் அளவுகோல் இது: வழமையான வரவு தேங்கி நிற்கிற, சேமிப்பு ஒரு வருடச் செலவுக்கும் குறைவான அறக்கட்டளையின் காசில் மாதாந்தக் கொடுப்பனவு எதையும் தொடங்கக்கூடாது. கிணறு திருத்தவோ கதிரை வாங்கவோ தையல் மெஷின் வாங்கவோ எடுங்கள், அதாவது ஒரு தடவையோடு முடிகிற செலவுக்கு. மாதாந்தச் செலவுக்கு எந்த ஒரு வெளியாரிடமிருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், மீதியைப் பெற்றோர் பங்களிப்பு, புலம்பெயர்ந்த ஊரவர், சங்கத்தின் சொந்த வருமானம் என்று பிரியுங்கள். சின்னத் தொகை என்று பெற்றோர் பங்களிப்பைக் கைவிட்ட சங்கங்கள்தான் வெளிக்காசு நின்றபோது முதலில் விழுந்தன, நான் கண்ணால் கண்டது.

அதே சி.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் உங்கள் சங்கத்தின் ஐந்து வருடத்தையும் இதே நிரல்களில் எழுதி, படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் வாசியுங்கள். தாங்கள் வாசிக்கப்படுவதைப் போலவே நீங்களும் வாசிக்கத் தருகிறீர்கள் என்று கண்டால் அவர்களோடு பேசுகிற தொனியே மாறும்.

வருடத்துக்கு ஒரு தடவை புது வரியைச் சேருங்கள். நிதியாண்டு டிசெம்பரில் முடிகிற அறக்கட்டளை அடுத்த மே 15க்குள் படிவம் போட வேண்டும், தவணை நீடிப்பு வாங்கினால் நவம்பர் 15. அதன் பிறகு இணையத்தில் வரச் சில மாதம் பிடிக்கும், ஆகவே தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு தடவை, பிறகு சித்திரையில் ஒரு தடவை தேடினால் போதும். அப்போது கிடைப்பது ஒரு வருடத்துக்கு முந்திய நிலைதான். நடப்பு வருடத்துக்கு அவர்களுடைய காலாண்டு வரவு செலவை மின்னஞ்சலில் கேளுங்கள், குறிப்பு நிரலில் பென்சிலால் எழுதி வைத்து, படிவம் வந்ததும் பேனையால் திருத்துங்கள்.